எவ்வளவு சுண்ணாம்புக்கு எவ்வளவு எலுமிச்சை?

பத்தாம் வகுப்புப் பிள்ளையை நள்ளிரவில் எழுப்பி, நடுநிலையாக்கல் என்றால் என்ன என்று கேட்டாலும், "அமிலமும் காரமும் வினைபுரிந்து உப்பும் நீரும் உண்டாகும்" என்று பிசகாமல் சொல்லிவிடும். எவ்வளவு அமிலத்துக்கு எவ்வளவு காரம் என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான் திருதிருவென்று விழிக்கும். மன்னார்குடிப் பக்கத்தில் நெடுங்காலம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், அந்த இரண்டாவது கேள்விதான் பாடத்தின் உயிர் என்று நினைக்கிறேன். முதல் கேள்வி மனப்பாடத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது கேள்வியோ சமையற்கட்டில் தொடங்கி, வெற்றிலைப் பெட்டி, பித்தளைப் பாத்திரம் என்று போய், கடைசியில் வயலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. காவிரிப் படுகையில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் நடத்த ஆய்வுக்கூடம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையொன்றுமில்லை.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பெண்ணுக்குச் சுற்றிக் கொட்டும் ஆரத்தி நீரையே எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்பொடியைக் கரைத்தால் மஞ்சளாக இருக்கிறது. அதில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்தவுடன் இரத்தச் சிவப்பாக மாறுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தில் நிறம் மாறுவதுதான் காரணம். பள்ளிச் சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டவுடன் சிவந்து, அலசி முடித்ததும் பழையபடி மஞ்சளாவதும் இதே கதைதான். லிட்மஸ் தாள் கிடைக்காத பள்ளிக்கு மஞ்சள் ஒரு நல்ல நிறங்காட்டி. ஆனால் அது காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அமிலத்திலும் வெறுந்தண்ணீரிலும் அது மஞ்சளாகவே இருப்பதால், அமிலத்தையும் அறிய வேண்டுமென்றால் செம்பருத்தி இதழையோ சங்குப்பூவையோ வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு வேண்டும்.

இனி அளவுக்கு வருவோம். சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஓர் இரவு வைத்திருந்து, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் 100 மில்லி இறுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் எடுக்க வேண்டும். ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டால் சிவந்துவிடும். எலுமிச்சைச் சாற்றை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக விட்டால், முதல் சொட்டு விழுந்த இடத்தில் காசளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் தோன்றிக் கண்மூடித் திறப்பதற்குள் சிவப்பில் கரைந்துபோகும். விடவிட அந்த மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நேரம் நிற்கத் தொடங்கும். பிறகு கரண்டியால் கலக்கினால்தான் மறையும். கடைசியில் ஒரு சொட்டில் டம்ளர் முழுவதும் மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும். இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் 5 மில்லிக்குக் கோடு போட்டிருப்பார்கள்; சாற்றை அதில் அளந்து எடுத்திருந்தால் ஏறக்குறைய ஒரு மூடி செலவாகியிருக்கும்.

ஏன் ஒரு மூடி என்பதற்குக் கணக்கு உண்டு. நம் ஊர் வெக்கையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான். ஆகவே 100 மில்லித் தெளிவு நீரில் 0.15 கிராம் இருக்கும். மோல் என்பது டஜன் போல, துகள்களை எண்ணுவதற்கு வேதியியலில் வைத்திருக்கும் ஓர் அளவு. கால்சியம் ஹைட்ராக்சைடின் ஒரு மோல் 74 கிராம், அது தருவது இரண்டு மோல் ஹைட்ராக்சைடு அயனிகள். சிட்ரிக் அமிலத்தின் ஒரு மோல் 192 கிராம், அது தரக்கூடியது மூன்று மோல் ஹைட்ரஜன் அயனிகள். ஆகவே 222 கிராம் சுண்ணாம்புக்கு 384 கிராம் சிட்ரிக் அமிலம் சரியாக ஈடாகும். அந்த விகிதப்படி 0.15 கிராமுக்கு வேண்டியது 0.26 கிராம் அமிலம். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிட்ரிக் அமிலம் என்பதால், 5 மில்லிச் சாற்றில் அவ்வளவும் வந்துவிடுகிறது. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறுவதால் ஒன்றிரண்டு மில்லி முன்பின் ஆகலாம், கணக்கு மாறாது.

இதே சோதனையை இன்னொரு டம்ளரில், தெளிவு நீருக்குப் பதிலாக அடியில் ஒரு சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பு கிடக்கும் நீரில் செய்து பார்க்கச் சொல்வேன். ஒரு மூடிச் சாறு விட்டு மேலாகக் கலக்கியவுடன் அதுவும் மஞ்சளாகும், பிள்ளைகள் முடிந்துவிட்டது என்று நோட்டை மூடுவார்கள். சற்று நேரத்தில் டம்ளரின் அடியிலிருந்து சிவப்பு நூல் நூலாகக் கிளம்பி மேலே ஏறும். "சார், திரும்பச் செவந்துடுச்சு" என்று யாராவது ஒரு பிள்ளை கத்தும்போதுதான் பாடம் உண்மையில் தொடங்குகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பை எலுமிச்சை முறித்துவிட்டது. ஆனால் கரையாமல் கிடந்த சுண்ணாம்பு, இடம் காலியானதும் மேலும் கரைந்து வந்துவிட்டது. அடியில் ஒரு கிராம் கிடந்தால் அதை முழுவதும் முறிக்க முப்பது மில்லிச் சாறு வேண்டும், ஒரு பழம் போதாது. இத்தனைக்கும் தொடக்கத்தில் இரண்டு டம்ளரிலும் பிஹெச் ஒன்றுதான், 12-க்கு மேல்.

பிஹெச் என்ற அளவுகோலை 1909-இல் உருவாக்கியவர் சோரன்சன் என்ற டென்மார்க் நாட்டு வேதியியலாளர். அவர் வேலை பார்த்தது கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். கரைசலில் அந்த நேரத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது என்பதைப் பத்தின் மடங்குகளில் சொல்வது அது. ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு, இரண்டு எண் குறைந்தால் நூறு மடங்கு. 25 டிகிரி வெப்பநிலையில் தூய நீருக்கு 7. பாலுக்கு 6.6-ஐ ஒட்டி, உறைந்து தயிரானால் 4.5-ஐ ஒட்டி, கடல்நீருக்கு 8.1. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் அட்டவணையாக இருக்கின்றன. அந்த அட்டவணையில் இல்லாத ஒன்று, பிஹெச் என்பது கையிருப்பைச் சொல்லாது என்பது. கல்லணையில் இன்றைக்கு எத்தனை கன அடி திறந்துவிடுகிறார்கள் என்பது ஒரு செய்தி. மேட்டூரில் இருப்பு 93 டிஎம்சியா, 30 டிஎம்சியா என்பது வேறு செய்தி. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு யாரும் சம்பாவுக்கு நாற்று விடுவதில்லை.

வலிமை மிகுந்த அமிலம், வலிமை குறைந்த அமிலம் என்ற பிரிவும் இங்கேதான் விளங்கும். ஒரு லிட்டரில் 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் அதன் பிஹெச் 1, அதே 0.1 மோல் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ளது, இருந்தால் பிஹெச் 2.9 அளவுக்குத்தான் வரும், ஏனென்றால் அதன் மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்று சொச்சம் மட்டுமே அந்த நேரத்தில் பிரிந்து அயனியாக நிற்கிறது. ஆகவே வினிகரை முறிக்கக் காரம் குறைவாகப் போதும் என்றுதான் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளும் சொல்கிறார்கள். பியூரெட்டில், அதாவது சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயில், சோடியம் ஹைட்ராக்சைடை எடுத்து, முறிக்க எவ்வளவு செலவாகிறது என்று தரம்பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அளவுதான் செலவாகும். பிரிந்து நின்ற ஒன்றைக் காரம் பிடித்துக்கொண்டவுடன் பிரியாமல் நின்றவற்றிலிருந்து அடுத்தது வந்து நிற்கும், அதுவும் போனால் அதற்கடுத்தது, கடைசி மூலக்கூறு தீரும்வரை. வலிமை என்பது அமிலம் தன்னிடமுள்ளதை எவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்கிறது என்பது. செறிவு என்பது எவ்வளவு வைத்திருக்கிறது என்பது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்களுக்குப் பதினோராம் வகுப்பு வேதியியல் கடைசிவரை கசக்கும்.

டம்ளருக்குள் நடப்பது என்னவோ மிக எளியது. அமிலம் எதுவானாலும் நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது, எரிகாரம், அதாவது நீரில் கரையும் காரம், எதுவானாலும் ஹைட்ராக்சைடு அயனியைத் தருகிறது, இரண்டும் கூடினால் தண்ணீர். சோடியமும் குளோரைடும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். தண்ணீரை வற்றவைத்தால்தான் அவை சேர்ந்து உப்பாகக் கண்ணில் படும். 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும் 36.5 கிராம் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்தால் 58.5 கிராம் உப்பும் 18 கிராம் நீரும் கிடைக்கும், கூடவே 57.3 கிலோஜூல் வெப்பமும் வெளிப்படும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் நைட்ரிக் அமிலம் எடுத்தாலும், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் எடுத்தாலும், கரைசல் நீர்த்ததாக இருந்தால் வெப்பம் ஏறக்குறைய அதே 57.3தான். வேறு வேறு பாட்டில்களில் வேறு வேறு பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே நடப்பது ஒரே வினை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோலில் அமிலம் பட்டால் காரத்தைப் பூசு, காரம் பட்டால் எலுமிச்சையைப் பிழி என்று ஒரு யோசனை பிள்ளைகளுக்குப் பாடத்தின் விளைவாகவே தோன்றிவிடுகிறது. அது தவறு. முறியும்போது உண்டாகும் வெப்பம் ஏற்கனவே வெந்த தோலை மேலும் வேகவைக்கும், ஊற்றிய காரம் கூடிவிட்டால் அதுவே இன்னொரு காயமாகும். குழாயைத் திறந்துவிட்டு நீண்ட நேரம் தண்ணீரால் கழுவுவதே சரி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகமானால் வாய் வெந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அதே சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது தெறித்துக் கண்ணில் விழுந்தால் கருவிழியே வெந்துபோகும். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையைக் கொண்டாடும் ஊரில் வீட்டுக்கு வீடு இந்த அபாயம் இருக்கிறது. உடனே ஏராளமான நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவி, துகள் எதுவும் இமைக்குள் தங்காமல் பார்த்துக்கொண்டு, கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு எதையும் கண்ணில் விடக் கூடாது. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதும் இதே வெப்பத்தின் பொருட்டுத்தான்.

தேனீ கொட்டினால் அதன் நஞ்சு அமிலம், ஆகவே சோடா உப்பைப் பூசு. குளவி கொட்டினால் அதன் நஞ்சு காரம், ஆகவே வினிகரைப் பூசு என்ற எடுத்துக்காட்டு எப்படியோ எல்லா வகுப்பறைகளிலும் நுழைந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வலியைத் தருவது பெரும்பாலும் அந்த நஞ்சிலுள்ள புரதப் பொருள்கள். அவை தோலுக்கு அடியில் செலுத்தப்பட்டுவிட்டன. மேலே பூசும் பொடி அங்கே போய்ச் சேர்வதும் இல்லை, சேர்ந்தாலும் புரதத்தை முறிப்பதும் இல்லை. வயிற்றுப் புளிப்புக்கு மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த மருந்து குடிப்பது உண்மையான நடுநிலையாக்கல், எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அது இருக்கிறது.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதும் இருக்கிறது. பித்தளையின் மேல் கறுப்பாகப் படிவதில் பெரும்பங்கு தாமிர ஆக்சைடு. பச்சையாகப் பிடிக்கும் களிம்பு தாமிரத்தின் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தது. இரண்டும் காரங்கள்தான், ஆனால் தண்ணீரில் கரையாதவை, ஆகவே எரிகாரங்கள் அல்ல. மஞ்சளைத் தடவினாலும் சிவக்காது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பட்டவுடன் அவை உப்பாக மாறிக் கரைந்து வந்துவிடுகின்றன, உள்ளிருந்த பித்தளை பளிச்சென்று தெரிகிறது. இதே வினை விளக்கில் நடந்தால் துலக்கல், சமைக்கும் பாத்திரத்தில் நடந்தால் நஞ்சு. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பையோ மோரையோ வைக்காதே என்று பாட்டிமார் விரட்டியதற்கு வேதியியல் காரணம் இதுவே.

உப்பு என்றால் நடுநிலை என்ற எண்ணத்தையும் இந்த இடத்தில் கலைத்துவிட வேண்டும். வேதாரண்யத்து உப்பளத்தில் எடுப்பது, 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து அள்ளியது, எல்லாம் கடல்நீர் வெயிலில் வற்றிக் கிடைத்த சோடியம் குளோரைடு. அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்தால் பிஹெச் 7-ஐ ஒட்டியே நிற்கும். ஆனால் சோடா உப்பைக் கரைத்தால் 8.3 வரும், அதுவும் உப்புத்தான். அமோனியம் சல்பேட்டைக் கரைத்தால் 7-க்குக் கீழே போகும், அதுவும் உப்புத்தான். வலிமை குறைந்த அமிலத்துக்கும் வலிமை மிகுந்த காரத்துக்கும் பிறந்த உப்பு காரத்தின் பக்கம் சாய்கிறது. மாறிப் பிறந்தால் அமிலத்தின் பக்கம். வினிகரைச் சோடியம் ஹைட்ராக்சைடால் சரிக்குச் சரியாக முறித்தால் கிடைக்கும் கரைசலின் பிஹெச் 8.7-ஐ ஒட்டி இருக்கும் என்பதால்தான், 8.2-க்கு மேல் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீனை அதற்கு நிறங்காட்டியாக வைக்கிறார்கள், 4.4-க்குள்ளேயே நிறம் மாறி முடிந்துவிடும் மெத்தில் ஆரஞ்சை வைத்தால் கணக்கு பாதியிலேயே நின்றுவிடும். அளவு சரியாக ஈடுகட்டப்பட்டது என்பதும் பிஹெச் 7 ஆயிற்று என்பதும் ஒன்றாக வருவது, வலிமை மிகுந்த இரண்டு பேர் மோதிக்கொள்ளும்போது மட்டும்தான்.

நெற்பயிரில் துத்தநாகப் பற்றாக்குறை வந்து இலையில் துருப்புள்ளி விழும்போது, ஜிங்க் சல்பேட்டை அரை சதவீதக் கரைசலாகத் தெளிக்கும் வழக்கத்தில் இந்த விதி கண்முன்னே நிற்கிறது. ஜிங்க் சல்பேட் கரைசல் அமிலத்தன்மை உடையது, அப்படியே தெளித்தால் இலை கருகலாம். ஆகவே அதில் பாதி அளவு நீற்றுச் சுண்ணாம்பைச் சேர்த்துத் தெளிக்கும் பழைய பரிந்துரை ஒன்று உண்டு. உப்பையே சுண்ணாம்பால் முறிக்கிறோம்! புத்தகத்து இலக்கணப்படி பார்த்தால் உப்புக்குப் பிறகு முறிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது.

வயலுக்கே வந்துவிட்டோம், ஆகவே மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசலாம். டெல்டாவின் களிமண் பெரும்பாலும் நடுநிலையிலிருந்து சற்றே காரத்தின் பக்கம் சாய்ந்தது. சில இடங்களில் அது எல்லை மீறிக் களர் நிலமாகிவிடுகிறது. கடலோரத்தில் வேறு சில இடங்கள் உவர் நிலமாக இருக்கின்றன. ஊர்ப்பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்வதுண்டு, வேதியியலில் இரண்டும் வேறு நோய்கள். உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம், பிஹெச் பெரும்பாலும் 8.5-க்குள்தான் இருக்கும், நல்ல தண்ணீரைக் கட்டி வடிப்பதே அதற்கு முதல் மருந்து. களர் நிலத்தில் பிஹெச் 8.5-ஐத் தாண்டிவிடும், களிமண் துகள்களின் மேல் சோடியம் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மண் நனைந்தால் குழம்பாகும், காய்ந்தால் பாறையாகும், கட்டிய தண்ணீர் கீழே இறங்காமல் கலங்கலாக நின்றுகொண்டே இருக்கும்.

களருக்கு ஜிப்சம் போடுவதைக் "காரத்தை முறிக்கிறோம்" என்று விவசாயிகள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் சொல்கிறார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அது அமிலம் இல்லை, அதைக் கரைத்த நீரில் லிட்மஸ் சிவக்காது. பிறகு எப்படி பிஹெச் இறங்குகிறது? ஜிப்சத்தின் கால்சியம், களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் உட்காருகிறது. மண்ணில் சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக இருப்பதோடு வினைபுரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டையும் கரையும் சோடியம் சல்பேட்டையும் உண்டாக்குகிறது. கடுமையான காரம் போய் அந்த இடத்தில் சாதுவான சுண்ணாம்புக்கல் வந்து சேர்கிறது. வெளியேறிய சோடியத்தைத் தண்ணீர் கட்டி வடித்து விரட்டாவிட்டால் அது அங்கேயே நின்று பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். வடிகால் தூர்ந்துபோன கடைமடையில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டியும் பலன் தெரியாததற்கு அதுவே காரணம். எத்தனை மூட்டை என்பதை நிலத்தின் பிஹெச்சைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஜிப்சம் தேவை என்று அதற்கென ஒரு சோதனை இருக்கிறது, மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டால் செய்துகொடுப்பார்கள். இரண்டு டம்ளர்களில் பார்த்த அதே வேறுபாடுதான், கண்ணுக்குத் தெரியும் எண் வேறு, அடியில் கிடக்கும் இருப்பு வேறு.

அமிலத்தையே ஊற்றிவிட்டால் என்ன என்று ஒரு பையன் கேட்பான், கேட்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் உழவுச்சால் ஆழத்துக்குள் இருக்கும் மண் ஏறக்குறைய 900 டன். சுக்கான்கல் கலந்த நிலத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கால்சியம் கார்பனேட் இருப்பதாக வைத்துக்கொண்டால் அது 9 டன். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டை முறிக்க 98 கிராம் கந்தக அமிலம் வேண்டும். அதாவது ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 9 டன் அடர் கந்தக அமிலம், ஒரு லாரி டேங்கர். அவ்வளவும் ஊற்றித் தீர்ந்த பிறகுதான் பிஹெச் உருப்படியாக இறங்கத் தொடங்கும். அந்தப் பையன் வாயைப் பிளப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அதே அமிலத்தைச் செலவில்லாமல் தரும் வழி ஒன்று இருக்கிறது. பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிட்டால், அது அழுகும்போது கார்பன் டை ஆக்சைடும் கரிம அமிலங்களும் உண்டாகின்றன. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அது மண்ணிலேயே கிடக்கும் கால்சியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியத்தை விடுவித்து, சோடியத்தைத் தள்ளும் வேலைக்கு அனுப்புகிறது. வலிமை குறைந்த அமிலம்தான், ஆனால் பருவம் முழுவதும் ஊறிக்கொண்டே இருக்கும் அமிலம்.

நஞ்சையில் தண்ணீர் கட்டுவதே ஒரு நடுநிலையாக்கல் என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். தண்ணீர் நின்ற சில வாரங்களில், தொடக்கத்தில் காரமாக இருந்த மண்ணின் பிஹெச் இறங்கியும், அமிலமாக இருந்த மண்ணின் பிஹெச் ஏறியும், பெரும்பாலும் 6.5-க்கும் 7-க்கும் இடையில் வந்து சேர்கின்றன. கார மண்ணில், வேரும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீர் மூடியிருப்பதால் வெளியேற முடியாமல் தங்கி அமிலமாகிறது. அமில மண்ணில், காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடுகளை ஒடுக்கும்போது ஹைட்ரஜன் அயனிகள் செலவாகின்றன. மண் பரிசோதனை அட்டையில் அச்சிட்டிருக்கும் பிஹெச், உலர்த்திச் சலித்த மண்ணை ஒன்றுக்கு இரண்டரை என்ற விகிதத்தில் தண்ணீரில் கலக்கி அளந்தது. சம்பா நடவு முடிந்து ஒரு மாதம் கழித்து நாற்றின் வேர் உட்கார்ந்திருக்கும் சேற்றின் பிஹெச் அதுவல்ல. அட்டை பொய் சொல்லவில்லை, அது வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

சேற்றுக்கு மேலே நிற்கும் தண்ணீரோ தனி ஆட்டம் ஆடுகிறது. நடவு முடிந்து பயிர் இன்னும் மூடாத வயலில், வரப்பில் உட்கார்ந்து விடியற்காலையில் ஒரு முறையும் உச்சிவெயிலில் ஒரு முறையும் பிஹெச் தாளை நனைத்துப் பார்க்கலாம். காலையில் பச்சையாக, 7-ஐ ஒட்டிக் காட்டும் தாள், வெயில் ஏறியபின் நீலத்துக்கு ஓடும். பாசி படர்ந்த வயலில் 9-ஐக்கூடத் தாண்டிவிடும். யாரும் எதையும் ஊற்றவில்லை. தண்ணீரிலுள்ள பாசி வெயிலில் ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் கார்பானிக் அமிலம் குறைகிறது, காரம் மேலோங்குகிறது. இரவில் பாசியும் சேறும் மூச்சுவிட, பிஹெச் திரும்ப இறங்கிவிடுகிறது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்டால், யூரியா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். யூரியாவைத் தண்ணீரில் வீசினால் அது சிதைந்து அமோனியம் கார்பனேட்டாகிறது, அதுவே தண்ணீரைக் காரமாக்கக்கூடியது. அமோனியம் அயனி நல்ல பிள்ளையாகத் தண்ணீரிலேயே இருக்கும். பிஹெச் ஏறஏற அது ஹைட்ரஜன் அயனியை இழந்து அமோனியா வாயுவாக மாறும். 9-ஐத் தாண்டினால் ஏறக்குறைய பாதி அப்படி மாறிக் காற்றில் பறக்கத் தயாராகிவிடும். தேங்கிய தண்ணீரில் பட்டப்பகலில் வீசிய யூரியாவில் ஒரு பங்கு பயிருக்குப் போகாமல் வானத்துக்குப் போவது இப்படித்தான். தண்ணீரை வடித்துச் சேறு தெரியும்போது போட்டு மண்ணோடு கலக்கச் சொல்வதும், யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் முதல்நாள் இரவே கலந்து வைத்துப் போடச் சொல்வதும் இந்த இழப்பைக் குறைக்கத்தான். பத்தாம் வகுப்பில் இதை நடத்தும்போது வீட்டுப்பாடமாக நான் கொடுப்பது ஒரே கேள்வி: உங்கள் வயலில் யூரியா எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், அப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வாருங்கள்.